மூட்டை தூக்கின வலி

சோள ரொட்டியைத் தட்டிக்கொண்டிருந்த சன்னவ்வா, கூடத்தில் கணவன் முனகுவது கேட்டு எழுந்து வந்தாள். ருத்ரப்பா குப்புறப் படுத்திருந்தான். மாமியார் குருசித்தவ்வா அவன் இடுப்பில் சுடச்சுட எண்ணெய் தேய்த்துக்கொண்டிருந்தாள். மூன்று மாதமாக இதே கதை!

"ஹுப்ளி ஆஸ்பத்திரிக்குப் போலாம்னு எத்தன வாட்டிங்க சொல்றது?"

"பியாடகி மண்டியில மிளகா மூட்ட தூக்கறவனுக்கு முதுகு வலிக்காம வேறென்ன வலிக்கும்?" என்றாள் மாமியார்.

"முதுகு வலிச்சா ஒடம்பு ஏங்க இப்படி உருகுது? சட்ட தோள்ல நிக்கல..."

"வாய மூடு!" என்று ருத்ரப்பா சீறினான்.

ஒரு விஷயத்தில் மட்டும் பத்து நாளாக வாயை மூடித்தான் வைத்திருந்தாள். அவன் வேட்டியில் ரத்தக்கறை பார்த்தவள் அவள். "மூலம்தான், அம்மா காதுல போட்டே... அவ்வளவுதான்!" என்று மிரட்டியிருந்தான். யார் கண்ணிலும் படாமல் துவைத்தாள். இன்று பொறுமை அறுந்துபோயிற்று.

"அத்தே, வெளிக்குப் போறப்ப அவருக்கு ரத்தம் போகுது. நம்ம ஊரு நர்ஸக்காகிட்ட கேட்டேன். வெறும் முதுகு வலின்னா பயப்பட வேணாமாம். ரத்தமும் போயி ஆளும் மெலிஞ்சா குடலப் பாக்கணுமாம். புத்துநோயாக்கூட..."

குருசித்தவ்வா எண்ணெய்க் கையோடு அவள் கன்னத்தில் அறைந்தாள்.

"கட்டினவனுக்குப் புத்துநோய்னு சொல்ல நாக்கு கூசலயாடி? தாலி கழுத்துல பாரமா இருக்கா?"

"ஊரெல்லாம் என் மானத்த வித்துட்டியே! போடி அப்பன் வீட்டுக்கு!" என்று ருத்ரப்பா கத்தினான்.

"போறேங்க! சோதன பண்ணிட்டு வாங்க, அன்னிக்கே போறேன். எனக்கு நல்ல பேரு வேணாம்... நீங்க வேணும்!"

வாசற்படியில் உட்கார்ந்துவிட்டாள். இரண்டு நாள் பச்சைத் தண்ணீர்கூடத் தொடவில்லை. மூன்றாம் நாள் கொல்லைப்புறத்தில் ருத்ரப்பாவே தலைசுற்றி விழுந்தான். அதற்குப் பிறகுதான் ஹுப்ளிக்குப் பேருந்து ஏறினார்கள்.

குடலுக்குள் குழாய் விட்டுப் பார்த்தார்கள், ஸ்கேன் எடுத்தார்கள். டாக்டரம்மா ஒளிக்காமல் சொன்னாள். "பெருங்குடல்ல கட்டி. புத்துநோய்தான். நல்லவேள, பரவல. ஆபரேஷன் பண்ணிடலாம்."

"அப்போ... இந்த முதுகு வலி?"

"இந்த நோய் முத்திப் பரவினா சிலருக்கு முதுகும் வலிக்கும். உங்களுக்கு மூட்ட தூக்கித்தான் வந்திருக்கும்னு தோணுது. ஆனா ரத்தம் போறத ஏன்யா மறைச்சீங்க?"

ருத்ரப்பா தலை குனிந்தான். "இவ சொல்லிக்கிட்டேதாம்மா இருந்தா... நான்தான் பாவி..."

ஆபரேஷன் நல்லபடியாக முடிந்தது என்று கேட்டதும் குருசித்தவ்வா மருமகள் காலில் விழப்போனாள். சன்னவ்வா பதறிப்போய்த் தாங்கிக்கொண்டாள். ஆனால், அடக்கிவைத்த ஆத்திரமெல்லாம் அப்போதுதான் வெடித்தது.

"மூணு மாசம் அத்தே... தொண்ட வத்தக் கத்தினேனே! ஒருத்தராவது காது குடுத்தீங்களா? ஒருத்தராவது...!"

"அடிடி என்னை... நல்லா அடி, என் தாயே!" என்று கிழவி அவளை மார்போடு இறுக்கிக்கொண்டாள். இருவரும் விம்மி விம்மி அழுதார்கள்.

"ருத்ரப்பா வீட்டுல யாரு? டாக்டர் பேசணுமாம்!" என்று உள்ளிருந்து நர்ஸ் கூப்பிட்டாள்.

குருசித்தவ்வா கண்ணைத் துடைத்துக்கொண்டு மருமகளை முன்னே தள்ளினாள்.

"இவகிட்ட பேசுங்கம்மா. எங்க வீட்டுல இனி இவ சொல்றதுதான்!"