செத்தவள் டோக்கன் வாங்க வருகிறாள்!

"வீஈஈல்...!"

காலை ஏழரை மணி. ராயபுரம் கடலோரக் குடியிருப்பின் மாடிப்படியில் ஜெஸ்லின் போட்ட அலறலில், அவள் இடுப்பிலிருந்த குடம் மூன்று படி உருண்டது.

தூணில் ஒரு போஸ்டர். பசை கூடக் காயவில்லை.

கண்ணீர் அஞ்சலி!

சிலுவைக்குக் கீழே சிரித்துக்கொண்டிருந்தாள் ஃப்ளோரன்ஸ். இரண்டாவது மாடி, நாற்பத்தேழாம் நம்பர் வீடு. மறைவு... நேற்று!

நேற்று சாயங்காலம்தானே இருவரும் சேர்ந்து வஞ்சிரம் வறுத்தார்கள்?

ஆட்டோ ஓட்டும் ஜெஸ்லினுக்குத் தண்ணி லாரியைத் தவிர எதற்கும் பயமில்லை. இப்போது உருண்ட குடத்தை அப்படியே விட்டாள். ஓடிப்போய்க் கதவைத் தட்டினாள்.

திறந்தது... பிணம்!

பிணத்தின் கையில் காபி.

"இன்னாடி, காலங்காத்தால கத்திகினு கீற?"

"யக்கா... நீ செத்துட்ட!"

"அப்டியா? போட்டோ நல்லா கீதா?"

"வெளையாடாதக்கா! இன்னிக்கு டோக்கன் குடுக்கற நாளு!"

பழைய கட்டடத்தை இடித்துப் புதிதாகக் கட்டப் போகிறது அரசு. டோக்கன் இருந்தால் இதே இடத்தில் வீடு. வீட்டுக்காரர் வாரிசு இல்லாமல் இறந்துவிட்டால்... ஒதுக்கீடு ரத்து!

ஃப்ளோரன்ஸுக்குப் பிள்ளைகள் இல்லை. புருஷன் சவரிநாதன் போய் ஒரு வருடம்.

"எதிர் பிளாக்கு ரமாபாயை இப்டித்தான ஃபைல்ல சாவடிச்சான் அந்த கணக்கெடுப்பு கிளார்க்கு தங்கப்பாண்டி? ஆதாரோட போயி நின்னா, 'வூட்ட மாத்தியாச்சு, மேல எழுதிப் போடு'னு தொரத்தினானே!"

"அவளுக்காவ நான்தான் மேல எழுதிப் போட்டேன்டி. பீம்ராவ்னு பெரிய ஆபீசரு. ஆதாரம் எங்கன்னு கேட்டாரு. இன்னிக்கு அவரே வராரு."

"இப்ப இன்னா பண்றது?"

"மொதல்ல இடியாப்பம் துன்னு. அப்பால வண்டிய எடு. என் மாஸ்க் எங்க?"

பதினொரு மணி. அலுவலக வாசலில் ஆட்டோவை நிறுத்திய ஜெஸ்லின் மறுபடி அலறினாள்.

எதிர்ச் சுவரில் அதே போஸ்டர்!

"இங்கயும் ஒட்டிகீறான்! இங்க உன்ன யாருக்குக்கா தெரியும்?"

ஃப்ளோரன்ஸ் மாஸ்க்கை மூக்குக்கு மேலே இழுத்துவிட்டு உள்ளே நடந்தாள்.

ஹாலில் கூட்டம். மேடையில் பீம்ராவ். மைக்கில் தங்கப்பாண்டி.

"நாப்பத்தாறு... நாப்பத்தெட்டு..."

"சார்! நாப்பத்தேழு எங்க?" ஜெஸ்லின் கத்தினாள்.

தங்கப்பாண்டி முகத்தைச் சோகமாக்கிக்கொண்டார். "அந்தம்மா தவறிட்டாங்க. வாரிசும் இல்ல. வீட்டை வேறொருத்தருக்கு மாத்தியாச்சு."

பீம்ராவ் நிமிர்ந்தார். "விசாரிச்சீங்களா?"

"காலைல எட்டு மணிக்கு நானே நேர்ல போனேன் சார். ஐஸ் பெட்டில வெச்சிருந்தாங்க. மாலை போட்டுட்டு வந்தேன். ஃபைல்ல எழுதி கையெழுத்தும் போட்டிருக்கேன்."

எட்டு மணிக்கா? அப்போதுதானே ஐஸ் பெட்டி இரண்டாவது இடியாப்பத்துக்குத் தேங்காய்ப்பால் ஊற்றிக்கொண்டிருந்தது!

ஃப்ளோரன்ஸ் எழுந்தாள். மாஸ்க்கைக் கழற்றினாள்.

"மாலை எங்க சார்? வந்து சேரலையே!"

தங்கப்பாண்டியின் கையிலிருந்து மைக் விழுந்தது. கொய்ய்ய்ங்!

பீம்ராவ் ஃபைலைப் புரட்டினார். நாற்பத்தேழாம் நம்பரின் புதுச் சொந்தக்காரர்... தங்கப்பாண்டியின் மச்சான்! ரமாபாய் வீட்டுக்கு... மச்சானின் தம்பி!

"ரமாபாயையும் இப்படித்தான் நேர்ல பாத்தீங்களா?"

தங்கப்பாண்டி பின்வாசல் பக்கம் நகர்ந்தார். கூட்டம் வழிவிடவில்லை.

மதியத்துக்குள் போலீஸ் ஜீப் வந்தது. தங்கப்பாண்டி ஏறினார். ரமாபாயின் ஃபைலுக்கு மறுபடி உயிர் வந்தது. ஃப்ளோரன்ஸ் டோக்கனை முந்தானையில் முடிந்துகொண்டாள்.

"ஆனா யக்கா, போஸ்டர் ஒட்டினவன் மட்டும் சிக்கல. தங்கப்பாண்டிதானா?" திரும்பும் வழியில் கேட்டாள் ஜெஸ்லின்.

"அவன் அதப் பாத்து ஏமாந்தவன்டி. நம்ம பக்கம் செவுத்துல போஸ்டர் வந்துட்டா, எவன் பாடியத் தேடறான்?"

குடியிருப்புத் தூணின் அருகே ஜெஸ்லின் நின்றாள். போஸ்டரை உற்றுப் பார்த்தாள்.

படத்தின் ஓரத்தில் வெள்ளையாய் ஏதோ... சட்டை! ஒரு ஆணின் தோள்!

இது ஈஸ்டருக்கு எடுத்த படம். ஃப்ளோரன்ஸ் வீட்டுச் சுவரில் தினமும் பார்க்கிற படம். பக்கத்தில் வெள்ளைச் சட்டையில் சவரிநாதன். வேறு யாரிடமும் இல்லாத படம்!

"யக்கா...! ஆதாரம் காட்டறதுக்காவ... நீயேவா ஒட்டின?!"

ஃப்ளோரன்ஸ் அந்தத் தோளை விரலால் தொட்டாள்.

"அவர முழுசா வெட்ட மனசு வரலடி. இத மட்டும் வுட்டு வெச்சேன்."

ஜெஸ்லின் போஸ்டரின் ஓரத்தில் நகத்தை வைத்தாள்.

"கிழிச்சிடட்டா?"

"வேணாம், இருக்கட்டும். இந்த கவுர்மெண்டு வூடு கட்டி முடிக்கறதுக்குள்ள நெசமாவே தேவைப்படும்... தேதிய மட்டும் மாத்திக்கலாம்!"