கூண்டுக்கு வைத்த வாசற்கால்

பொழுது சாய்ந்தால் கோழி தானாகக் கூண்டில் ஏறும். யாரும் சொல்லிக்கொடுக்க வேண்டியதில்லை. பிலிப் கட்டிய புதுக் கூண்டில் மட்டும் ஒன்றுகூட ஏறவில்லை. எல்லாம் துவைகல்லின் மேல் நெருக்கியடித்து உட்கார்ந்துகொண்டு, கூண்டு வாசலையே பார்த்தபடி இருந்தன. அவர் ஒவ்வொன்றாகப் பிடித்து உள்ளே தள்ளிப் பார்த்தார். தள்ளிய வேகத்தில் வெளியே வந்து விழுந்தன. ஒன்றுகூடக் கத்தவில்லை. பிடித்த கோழி ஊரைக் கூட்டாமல் இருக்குமா? அதுதான் அவருக்கு என்னவோ போலிருந்தது.

"அதுங்களுக்கே உங்க வேலை பிடிக்கல போலிருக்கு," என்று அடுக்களை ஜன்னலிலிருந்து ஃப்ளோரன்ஸ் சிரித்தாள்.

சிரிக்காமல் என்ன செய்வாள், பாவம்! மந்தைவெளி வீட்டின் கொல்லையில் அந்தக் கூண்டு எழும்பியதிலிருந்து மனுஷன் அடித்த தம்பட்டம் கொஞ்சநஞ்சமா? ஓய்வுபெற்ற டிராயிங் மாஸ்டர் அவர். ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்ததும் கோயில் வாசலில் ஆளைப் பிடித்து நிறுத்தி, பீரோவின் உடைந்த கதவு, பாத்ரூம் கூரைத் தகரம், யாரோ வீசியெறிந்த வலை, எல்லாம் ஓசியிலேயே முடித்துவிட்டேன் என்று அளந்துகொண்டிருந்தார். "வாசலுக்கு வெச்சிருக்கீங்களே, அந்த நல்ல மரம் ஏதுங்க?" என்று ஃப்ளோரன்ஸ் கேட்டபோது மட்டும், "கிடந்தது" என்று சொல்லி வாயை மூடிக்கொண்டார்.

கிடந்ததுதான். யாருடையது என்பதல்லவா கேள்வி!

கொல்லைச் சுவருக்கு அந்தப் பக்கம், ஆற்றங்கரையில் குடிசைகள் இருந்தன. அவற்றை இடித்து ஆட்களைப் பெரும்பாக்கத்துக்கு அனுப்பியபோது, வேலம்மா தன் வீட்டு வாசற்காலைப் பெயர்த்துச் சுமந்துகொண்டு இவரிடம் வந்தாள். மஞ்சள் பூசி, குங்குமம் வைத்து, வழவழவென்றிருந்த மரம்.

"லாரில சாமானுக்கே எடம் இல்லன்றாங்கோ சார். இது உங்க கொல்லையில ஓரமா இருக்கட்டும். எங்க ஜோதி நிக்கிற எடம் இது. சின்னவ கயலு கல்யாணத்துக்குப் பூவாடை அழைக்கணுமில்ல, அப்போ வந்து கூட்டிகினு போறேன்."

ஜோதிலட்சுமி அவளுடைய மூத்த மகள், தலைப்பிரசவத்தில் போனவள். அப்படிப் பூவும் மஞ்சளுமாய்ப் போகிறவள் பூவாடைக்காரியாகி வீட்டு வாசற்காலிலேயே காவல் நிற்பாள், வீட்டில் ஒரு கல்யாணம் என்றால் முதலில் அவளை அழைத்துப் புடவை வைத்துக் கும்பிட வேண்டும் என்பது அவர்கள் வழக்கம். பிலிப் தலையாட்டினார். நமக்கெதற்கு இந்த நம்பிக்கையெல்லாம் என்று மனசுக்குள் சிரித்தும் கொண்டார். கூண்டுக்கு மரம் தேடியபோது வாசற்காலை இழுத்துப்போட்டு, முழங்கால் உயரத்துக்கு அறுத்து, உப்புத்தாளால் மஞ்சளைத் தேய்த்தெடுத்துவிட்டார்.

மறுநாள் மரத்தில் மஞ்சள் இருந்தது. ஈரமாக.

ஃப்ளோரன்ஸ் பார்ப்பதற்குள் வேட்டி நுனியால் துடைத்தார். மறுபடி வந்தது. கோழி நுழையாத கூண்டுக்குள் மல்லிகை வாசமும், பிள்ளை பெற்ற அறையின் பச்சை ரத்த வாடையும் கலந்து நின்றன. விளக்கு வைக்கும் நேரத்தில், காற்று இல்லை, பூனை இல்லை, தகரக் கூரையில் உள்பக்கமிருந்து 'டம்' என்று ஒரு இடி. உட்கார்ந்திருப்பவர் மறந்துபோய் எழுந்தால் தலை இடிக்குமே, அந்த மாதிரி. பிலிப் செபமாலையைத் தேடினார். கையில் எடுத்ததும் கூச்சமாக இருந்தது. எந்த முகத்தோடு செபிப்பது?

அந்த வெள்ளிக்கிழமை சாயங்காலம் வேலம்மா வந்து நின்றாள். கையில் வெற்றிலைத் தட்டு, கல்யாணப் பத்திரிகை, ஒரு பந்து மல்லிகை.

"கயலுக்குக் கல்யாணம் சார். எங்க ஜோதியக் கூட்டிகினு போலாம்னு வந்தேன்."

உண்மையைச் சொல்லத்தான் வாயைத் திறந்தார். "மழைக்கு ஆத்துத் தண்ணி கொல்லை வரைக்கும் வந்துடுச்சும்மா. அடிச்சுட்டுப் போயிடுச்சு" என்றது வாய்.

திட்டியிருக்கலாம் அவள். மண்ணை வாரித் தூற்றியிருக்கலாம். படியில் மெல்ல உட்கார்ந்தாள்.

"நீங்க இன்னா பண்ணுவீங்கோ சார், ஆத்துத் தண்ணிக்கு. இம்மா நாளு வெச்சிருந்தீங்களே, அதுவே பெருசு." கண்ணைத் துடைத்துக்கொண்டு, மல்லிகைப் பந்தை ஃப்ளோரன்ஸிடம் நீட்டினாள். "மாதாவுக்குப் போடுங்கம்மா. வாசலே இல்லாம இனி எங்க போய் நிப்பாளோ எம்பொண்ணு."

கொல்லையில் 'டம்' என்றது.

"இன்னா சத்தம்?"

"கோழி," என்றார் பிலிப்.

கோழிகள் எல்லாம் துவைகல்லில் இருந்தன. ஃப்ளோரன்ஸ் அவற்றைப் பார்த்தாள். கூண்டு வாசலைப் பார்த்தாள். பிறகு புருஷனைப் பார்த்தாள். நாற்பது வருஷம் கூட வாழ்ந்தவளின் அந்தப் பார்வைக்கு முன்னால் அவருக்கு உடம்பெல்லாம் கூசிற்று. வேலம்மா கும்பிட்டுவிட்டுப் படியிறங்கிப் போனாள்.

"ஓடிப் போய்ச் சொல்லுங்க," என்றாள் ஃப்ளோரன்ஸ். "பஸ் ஏறிடப் போறா."

வெறுங்கையோடு எப்படிப் போவது? அறுத்ததோ அரைகுறையோ, மரத்தைப் பெயர்த்துக் கையில் கொடுத்து, காலில் விழுந்துவிடலாம். கடப்பாரையோடு கொல்லைக்கு ஓடினார். இருட்டத் தொடங்கியிருந்தது. வெளியிலிருந்து நெம்பினால் அசையவில்லை. ஆணியை உள்பக்கமிருந்தல்லவா அடித்திருந்தார், கெட்டிக்காரர்! மண்டியிட்டார். தலையை நுழைத்தார். தோள் இடித்தது. ஒருக்களித்து, வயிற்றை இழுத்துப் பிடித்து, ஊர்ந்து இடுப்பு வரை உள்ளே போனார்.

மல்லிகை. ரத்தம். கும்மிருட்டு.

கன்னத்தில் ஈரமாக ஏதோ பட்டது. புடவை முந்தானை.

"என்ன மன்னிச்சுடும்மா," என்றார்.

கண் இருட்டுக்குப் பழகியது. பழகாமலே இருந்திருக்கலாம்.

முதலில் தெரிந்தவை பாதங்கள். மஞ்சள் பூசிய பாதங்கள். அவற்றை ஒட்டி முகம். முழங்கால்கள் இரண்டும் காதுக்கு மேலே போயிருந்தன. முதுகு மூன்றாக மடிந்திருந்தது. நிமிர இடமில்லாத கழுத்து, தோளின் மேல் பக்கவாட்டில் ஒடிந்து கிடந்தது. உச்சந்தலை தகரத்தில் இடித்து இடித்துச் சப்பையாகியிருந்தது. அவர் கட்டிக்கொடுத்த அளவுக்குள், எப்படியோ, தன்னை மடித்து வைத்துக்கொண்டிருந்தாள்.

கோபமில்லை அந்த முகத்தில். அடுத்தவர் வீட்டில் வேண்டாத விருந்தாளியாய்த் தங்கிவிட்டவளின் கூச்சம்தான் இருந்தது.

அவரைப் பார்த்ததும், எலும்புகள் ஒவ்வொன்றாக நெரிய, கொஞ்சம் தள்ளி உட்கார்ந்து அவருக்கு இடம் விட்டாள்.