இடது இருக்கை

திங்கட்கிழமை காலை ஏழரை மணிக்குத் தாம்பரத்தில் கூட்டில் ஏறுகிறவர்கள் இரண்டு விஷயங்களைத்தான் யோசிப்பார்கள். ஜன்னலோரம் இடம் கிடைக்குமா என்பது ஒன்று. இன்றைக்கு எந்தக் காரில் போகலாம் என்பது இன்னொன்று. கூடு என்னவோ எல்லாருக்கும் ஒரே கூடுதான். தானாக ஓடும் வண்டி, நாற்பது இருக்கைகள், வெள்ளைச் சுவர், சக்கரம் உருளும் சத்தம்கூடக் கேட்காது. ஆனால் இருக்கைப் பிடியில் வரிசையாக இருக்கும் வில்லைகளில் ஒன்றைத் தட்டினால் பழைய கார் ஒன்றின் ஓட்டுணர்வு உடம்பில் ஏறும். முதுகில் அதன் உந்தல், பாதத்தில் அதன் அதிர்வு, காதில் அதன் எஞ்சின், உள்ளங்கையில் அதன் ஸ்டியரிங். பக்கத்து இருக்கைக்காரர் அம்பாசடரில் ஆடி ஆடிப் போகலாம், நீங்கள் பந்தயக் காரில் பறக்கலாம். இருவரும் ஒரகடத்தில் ஒரே நொடியில் இறங்குவீர்கள்.

பூங்கோதை மட்டும் வில்லையைத் தொடமாட்டாள். ஒரகடத்தில் இருக்கும் தேசிய ஓட்டுணர்வுக் காப்பகத்தில் ஏழாம் கொட்டகை அவள் பொறுப்பு. வில்லைகளுக்குள் இருப்பவை எந்த நிஜக் கார்களிலிருந்து எடுக்கப்பட்டனவோ, அவற்றில் ஐந்து அவளிடம்தான் துணி போர்த்தி நிற்கின்றன. 'சொகுசு வேகக் கார்' என்று அந்த வகுப்புக்குப் பெயர். மூன்று ஜெர்மன்காரர்கள், ஒரு ஜப்பான்காரர், கடைசியில் ஒரு அமெரிக்கர். அவள் கார்களை ஆட்களாகத்தான் சொல்வாள். யாராவது சிரித்தால் முறைப்பாள்.

அந்த அமெரிக்கரின் பெயர் கால்வெர்ட். டெட்ராய்டில் பிறந்தவர். நான்கு கதவு, எட்டு சிலிண்டர், அறுநூற்று ஐம்பது குதிரைத்திறன், கையால் மாற்றும் ஆறு கியர். வெளியிலிருந்து பார்த்தால் குடும்பத்தோடு கல்யாணத்துக்குக் கிளம்பின கார் மாதிரி பவ்வியமாக இருப்பார்; எஞ்சினைக் கிளப்பினால் கொட்டகைத் தகரம் அதிரும். இந்த மாதிரிக் கார் செய்ய ஜெர்மன்காரர்களால்தான் முடியும் என்று உலகமே அடித்துச் சொன்ன காலத்தில், அதுவும் பெட்ரோல் எஞ்சினுக்கு நாள் குறித்தாகிவிட்ட பிறகு, 'எங்களாலும் முடியும்' என்று வீம்பாகச் செய்து காட்டிய கார். இங்கே விற்பனைக்கு வந்ததில்லை. மிச்சிகனில் இதய மருத்துவராக இருந்த ஒருவர் ஊர் திரும்பும்போது ஆசைப்பட்டுக் கப்பலில் ஏற்றி வந்தார். அந்த ஊர் வழக்கப்படி ஸ்டியரிங் இடது பக்கம்.

நின்ற இடத்திலேயே நின்றால் டயர் சப்பையாகிவிடும் என்பதால் பராமரிப்பாளர்களுக்கு ஒரு சலுகை உண்டு. வாரம் ஒருமுறை, கொட்டகைக்குள்ளேயே, முதல் கியரில், நூறு மீட்டர். திங்கட்கிழமை காலையில் ஐந்து கார்களையும் அப்படி நடத்தி நிறுத்துவதுதான் பூங்கோதையின் முதல் வேலை. மனிதர் யாரும் வண்டி ஓட்டக் கூடாது என்ற கையோட்டத் தடைச் சட்டம் வந்து முப்பத்தெட்டு ஆண்டுகள் ஆகின்றன. மாநிலத்திலேயே ஸ்டியரிங்கைத் தொட அனுமதி உள்ளவர்கள் பதினொரு பேர். அதில் இவள் ஒருத்தி. சட்டத்தின் மேல் அவளுக்குக் குறை ஒன்றும் இல்லை. அவள் பெரியப்பாவை வாலாஜாபாத் சாலையில் ஒரு லாரி அடித்துப் போட்டது. இப்போதெல்லாம் சாலையில் ஒரு கோழிகூடச் சாவதில்லை. நல்லதுதான். அவளுக்கு அந்த நூறு மீட்டர் போதும்.

அன்றைக்குக் கொட்டகைக் கதவில் ஒரு அறிவிப்பு ஒளிர்ந்துகொண்டிருந்தது. நூற்றுக்கு அறுபதுக்குக் கீழே மதிப்பெண் பெற்ற ஓட்டுணர்வுகள் மாதக் கடைசியில் அழிக்கப்படும், அவற்றின் கார்கள் நசுக்கப்படும். ஏழாம் கொட்டகையில் ஒரே ஒரு பெயர். கால்வெர்ட், நாற்பத்தொன்று.

பதிவுக்கூடத்தில் வேலை செய்யும் தணிகாசலம் தேநீர்க் குவளையோடு வந்து சேர்ந்தான். இருவரும் ஒரே ஆண்டில் வேலைக்குச் சேர்ந்தவர்கள்.

"என்ன பூங்கோதை, உன் அமெரிக்க மாப்பிள்ளைக்கு வழியனுப்பு விழாவாமே?"

"வாயக் கழுவு முதல்ல. யாரு போட்டது இந்த மார்க்கு?"

"நான் போடலம்மா, மதிப்பீட்டு மூளை போட்டது. நான் பதிவு பண்ணிக் குடுக்கறதோட சரி. இந்தா, நீயே படி."

அவள் படித்தாள். எஞ்சின் ஒலி, மிக நன்று. உந்தல், மிக நன்று. ஸ்டியரிங், உணர்வு இல்லை. கியர், உணர்வு இல்லை. 'சக்தி வாய்ந்தது, ஆனால் கையோடு பேசாத கார்' என்று முடித்திருந்தது. பூங்கோதைக்கு ரத்தம் தலைக்கேறியது.

"இவரா பேசாதவரு? நூறு மீட்டருக்கு வாய் ஓயாம பேசிக்கிட்டு வர்றாருடா! அந்த மூணு ஜெர்மன்காரங்களும் அளந்துதான் பேசுவாங்க. இவருதான் மனசுல இருக்கறதெல்லாம் கொட்டுவாரு."

"உன் கைக்குத் தெரிஞ்சா போதுமா? பதிவுல இல்லையே."

அதுதான் அவளுக்கும் விளங்காத சங்கதி. வேலைக்குச் சேர்ந்த புதிதில் ஒரே ஒரு தடவை கூட்டில் கால்வெர்ட்டின் வில்லையைத் தட்டிப் பார்த்திருக்கிறாள். உறுமல் இருந்தது, முதுகில் அந்தத் தள்ளல் இருந்தது, கைப்பிடி மட்டும் செத்துக் கிடந்தது. எவனோ அரைகுறையாகப் பதிவு செய்திருக்கிறான் என்று அன்றைக்கே வெறுத்துப்போய் விட்டுவிட்டாள். அப்போதே கேட்டிருக்க வேண்டும். இப்போது மாதக் கடைசிக்குப் பதினெட்டு நாள்தான் இருந்தது. அவள் மறுபதிவு கேட்டு மனுப் போட்டாள்.

மறுபதிவை மனுப் போட்டவர் கண்ணாடிக்குப் பின்னால் நின்று பார்க்கலாம் என்பது விதி. பதினொரு வருஷ வேலையில் அவள் பதிவுக்கூடத்துக்குள் வருவது அதுவே முதல் தடவை. கால்வெர்ட் நடுவில் நின்றது. அதன் அடியில் ஓட்டுப்பொறியைக் கட்டியிருந்தார்கள். காரை ஓட்டுவது அந்தப் பொறிதான், ஸ்டியரிங்கும் கியரும் அதன் கம்பிகளுக்குக் கட்டுப்பட்டுத் தாமாக அசையும். ஓட்டத்தை உணர்ந்து பதிவதற்குத் தனியாக ஒரு பதிவுடல் உண்டு. ஆள் உயரப் பொம்மை. உள்ளங்கை முதல் பாதம் வரை உணரிகள். இயந்திரக் கை அதைத் தூக்கிக்கொண்டு வந்து காரின் வலது கதவைத் திறந்து உட்கார வைத்தது. இரண்டு கைகளையும் எதிரே நீட்டி, அங்கே பிடிக்க ஒன்றும் இல்லாததால், முகப்புப் பலகையோடு சேர்த்து வாரால் கட்டியது.

பூங்கோதை கண்ணாடியை ஓங்கி ஓங்கித் தட்டினாள். தணிகாசலம் பதறிப்போய் ஓடி வந்தான்.

"ஏன்டா அதைக் கொண்டுபோய் அங்க உட்கார வெக்கிற?"

"வேற எங்க வெப்பாங்க? விதி பதினாலு. பதிவுடல் முன்வரிசையில வலது இருக்கையில. உன் அஞ்சு காருக்கும் அப்படித்தான் வெச்சோம்."

"அந்த நாலு பேருக்கும் ஸ்டியரிங் வலது பக்கம். இவருக்கு இடது பக்கம். கண்ணு அவிஞ்சா போச்சு?"

தணிகாசலம் திரும்பிக் காரைப் பார்த்தான். அந்த ஸ்டியரிங் வட்டத்தைப் பார்த்தான், பொம்மையைப் பார்த்தான்.

"ஆமா, இந்த வண்டியில அது அந்தப் பக்கம் இருக்கு. பொறியோட கம்பிதானே அதைத் திருப்புது? எந்தப் பக்கம் இருந்தா என்ன?"

அவன் முட்டாள் இல்லை. அவனுக்கு இரண்டு வயதாக இருந்தபோது சட்டம் வந்தது. முன்னால் இரண்டு இருக்கைகள் இருந்தால் அவனுக்கு அவை இரண்டு இருக்கைகள், அவ்வளவுதான். அவனுக்கு மேலே இருக்கும் அதிகாரிக்கும் அப்படித்தான், விதியை எழுதிய குழுவுக்கும் அப்படித்தான். ஒன்றில் உட்கார்ந்தவர் ஓட்டுவார், மற்றதில் உட்கார்ந்தவர் வேடிக்கை பார்ப்பார் என்று ஒரு வித்தியாசம் இருந்ததே இந்தக் கட்டடத்தில் யாருக்கும் தெரியவில்லை. பூங்கோதைக்கு வந்த கோபம் வந்த வழியே போய்விட்டது. அவள் நேராக இயக்குநரின் அறைக்கு நடந்தாள்.

இயக்குநர் நசீமா பேகம் கறாரானவர், ஆனால் காது கொடுத்துக் கேட்பவர். பூங்கோதை சொன்னதை முழுக்கக் கேட்டுவிட்டுத்தான் முடியாது என்று தலையை ஆட்டினார்.

"ஒரு காருக்காக விதிய மாத்தினா நாளைக்கு அம்பது பேர் வந்து நிப்பாங்க, பூங்கோதை. அதோட எனக்கு ஒண்ணு புரியல. வலது பக்கம் உட்கார்ந்தா நல்லா இல்ல, இடது பக்கம் உட்கார்ந்தா நல்லா இருக்கும்னா அது என்ன கார்? பயணி எங்க உட்கார்ந்தாலும் பயணிதானே?"

இதற்கு வாயால் பதில் சொல்ல முடியாது என்று பூங்கோதைக்குத் தெரிந்தது.

"மேடம், திங்கட்கிழமை கொட்டகைக்கு ஒரு நடை வாங்க. நூறு மீட்டர். அதுக்கப்புறமும் உங்களுக்கு அப்படியே தோணிச்சுன்னா, நசுக்கறதுக்கு நானே சாவி எடுத்துக் குடுத்துடறேன். மறு பேச்சு பேசமாட்டேன்."

சொல்லிவிட்டு வெளியே வந்தாள். வாயைக் கொடுத்து மாட்டிக்கொண்டோமோ என்று நான்கு நாள் சரியாகத் தூங்கவில்லை.

திங்கட்கிழமை நசீமா பேகம் வந்தார். பூங்கோதை அவரை முதலில் வலது பக்கம் உட்கார வைத்து, தான் ஓட்டினாள். நூறு மீட்டர் முடிந்தது.

"சத்தம் பிரமாதம்," என்றார் இயக்குநர். "இருக்கையும் சொகுசா இருக்கு. ஆனா அறிக்கையில சொன்னது சரிதான். பேசலையே."

பூங்கோதை காரைத் திருப்பி நிறுத்தினாள். "இப்ப இங்க வாங்க மேடம். இடம் மாத்திக்கலாம்."

"நானா? அதுக்கு அனுமதி வேணுமே."

"வேணும் மேடம். இயக்குநர் அனுமதி வேணும்."

நசீமா பேகம் சிரித்துவிட்டார். புடவைத் தலைப்பை இடுப்பில் செருகிக்கொண்டு இடது பக்கம் ஏறினார். இடது காலுக்கு கிளட்ச், வலது கைக்கு கியர் என்று பூங்கோதை காட்டினாள். முதல் முயற்சியில் கால்வெர்ட் ஒரு குதி குதித்து அணைந்தது. இயக்குநரின் முகத்தில் ஈயாடவில்லை. "பரவாயில்ல மேடம், அவரு கோவிச்சுக்கமாட்டாரு. காலை மெதுவா எடுங்க," என்றாள் பூங்கோதை. இரண்டாவது முயற்சியில் கார் நகர்ந்தது.

இருபது மீட்டர் போவதற்குள் நசீமா பேகம் கேட்டார்: "தரையில ஏதாவது கோடு இருக்கா?"

"கான்கிரீட் இணைப்பு மேடம். மொத்தம் பன்னிரண்டு. ஒண்ணு விடாம எண்ணிச் சொல்லுவாரு."

"மூணு... நாலு... அங்க உட்கார்ந்திருந்தப்ப ஒண்ணுகூடத் தெரியலையே!"

பன்னிரண்டாவது கோட்டைத் தாண்டி, சொல்லிக் கொடுத்தபடி அவர் பிரேக்கை அழுத்த, சுவருக்கு முன்னால் கார் நின்றது. இயக்குநர் இறங்கவில்லை. கையையும் எடுக்கவில்லை. நாற்பத்திரண்டு வயது. மாநிலம் முழுக்க ஓடும் கூடுகளில் எந்த உணர்வு இருக்கலாம், எது கூடாது என்று கையெழுத்துப் போடுகிறவர்.

"நானா நகர்த்தினேன் இதை?" என்றார். குரல் சின்னப் பெண்ணுடையது போல இருந்தது.

"நீங்கதான் மேடம்."

அன்று மத்தியானமே விதி பதினான்கு திருத்தப்பட்டது. 'வலது இருக்கை' என்பதை அடித்துவிட்டு 'ஓட்டுநர் இருக்கை' என்று எழுதினார்கள். கூடவே இன்னொரு உத்தரவும் வந்தது. இனி திங்கட்கிழமைதோறும் பொதுமக்களில் ஒருவர் ஏழாம் கொட்டகைக்கு வந்து நூறு மீட்டர் ஓட்டலாம்.

மறுபதிவின் மதிப்பெண்ணைத் தணிகாசலம்தான் மூச்சிரைக்கக் கொண்டுவந்தான். எண்பத்தெட்டு. வகுப்பில் இரண்டாம் இடம். முதல் இடத்தில் இருந்த ஜெர்மன்காரருக்கு எண்பத்தொன்பது.

"ஒரே ஒரு மார்க்குல போச்சேம்மா," என்று உச்சுக் கொட்டினான்.

"போடா. அவரு தலைமுறை தலைமுறையா இதே வேலையா இருக்கறவரு. அவருக்குப் பக்கத்துல ஒரு மார்க் வித்தியாசத்துல நிக்கிறதுன்னா சும்மாவா?" என்றாள் பூங்கோதை. சொல்லும்போது கண் கலங்கியது. அதை மறைக்க அவள் முயலவில்லை. துணியை எடுத்து ஐந்து பேரையும் பளபளக்கத் துடைத்தாள்; கால்வெர்ட்டை மட்டும் இரண்டு தடவை.

அடுத்த திங்கட்கிழமை கூட்டில் ஏறியதும் பூங்கோதை வில்லையைத் தட்டினாள். படப்பை வளைவில் கால்வெர்ட் திரும்பியபோது கைப்பிடி உயிரோடு இழுத்தது. எஞ்சின் கேட்ட இடத்தில் அவள் வலது கை தானாக முன்னே போய் மூன்றாவது கியரைத் தேடியது. முதல் கியரைத் தாண்டி அவள் வாழ்நாளில் போனதில்லை. நெஞ்சு நிறைந்து போயிற்று. நம்ம ஆளு, நம்ம ஆளு என்று சொல்லிக்கொண்டே தலையைத் திருப்பினாள்.

கூட்டில் பாதிப் பேர் 'ஓட்டுநர் இருக்கை' என்று பெயர் ஒட்டிப் புதிதாக வந்த வில்லையைத்தான் தட்டியிருக்க வேண்டும். டிபன் பையை மடியில் வைத்திருந்த பெண்ணின் வலது கை காற்றில் எதையோ பிடித்துத் தள்ளியது. சீருடை போட்ட தொழிலாளி ஒருவரின் இடது கால் வெறும் தரையை அழுத்தியது. கடைசி வரிசையில் நாலைந்து கைகள் ஒன்றாக எழுந்து ஒன்றாக இறங்கின. பிறந்ததிலிருந்து ஸ்டியரிங்கைக் கண்ணால்கூடப் பார்க்காதவர்கள்.

டிபன் பைப் பெண் கண்ணைத் திறந்தாள். தன் கையையே கொஞ்ச நேரம் பார்த்தாள். பிறகு எதிரே இருந்த பூங்கோதையிடம் கேட்டாள்.

"ஏங்க, இந்தக் கூட்டுல ஓட்டறவங்க சீட்டு எது?"

"இதுல இல்லீங்க."

அந்தப் பெண் முன்னாலும் பின்னாலும் திரும்பி நாற்பது இருக்கைகளையும் பார்த்தாள்.

"அப்போ இத்தனை வருஷமா நாம எல்லாருமே பக்கத்து சீட்டுலயா உட்கார்ந்திருக்கோம்?"

பூங்கோதை ஆமாம் என்று தலையசைத்தாள். கூடு ஒரகடத்தில் நின்று கதவு திறந்தது. இறங்குவதற்கு முன் அவள் அந்தப் பெண்ணின் பக்கம் குனிந்தாள்.

"ஏழாம் கொட்டகை. திங்கட்கிழமை காலையில. நூறு மீட்டர்தான், ஆனா நீங்கதான் ஓட்டணும். வாங்க, எங்காளு ஒருத்தர் இருக்காரு."