பின்னறையில் இறக்கிய பலகை

"வெறும் பட்டி பூசி வெள்ள அடிச்சா போதும்னு அப்பவே சொன்னேன், நீதான்—"

"நான்தானா? எல்லா ரூமும் ஒரே மாதிரி இருக்கட்டும்னு நீங்களும் தலையாட்டினீங்க இல்ல—"

"பேச வுடு ஹேமா! பின் ரூமுக்கு அக்கா தறி வரணும். ஜக்கார்டு பொட்டி தறிக்கு மேல ஏறி உக்காரணும். நீ தலைல இடிக்கிற மாதிரி சீலிங்க எறக்கி வெச்சிகினு கீற. பொட்டிய உன் தலைல வெக்கட்டுமா?"

"அவ்ளோ எறக்கினாதான் நிக்கும்னாரு லோகநாதன். சீலிங் வேல அவருக்குத் தெரியுமா, உங்களுக்குத் தெரியுமா?"

பொய். மேல்தளத்தை ஒட்டியே ஜிப்சம் பலகை அடித்துத் தருவதாகத்தான் லோகநாதன் சொன்னார். இன்னும் இறக்குங்க, இன்னும் கொஞ்சம் என்று கையைக் காட்டியவள் ஹேமலதா. தறி நுழையாத வீட்டுக்குத் தறிக்காரி வரமாட்டாள். புருஷனின் விதவை அக்காவை வேண்டாம் என்று வாயால் சொல்ல வெட்கப்பட்டு, பலகையை விட்டுச் சொல்ல வைத்தாள்.

கோபிநாத் வண்டிச் சாவியை எடுத்தான். "முள்ளிப்பட்டுக்குப் போயி அக்காவ இட்டுகினு வரேன். காத்தாலேர்ந்து போன் எடுக்கல. நாளைக்கே பலகையப் பிரிக்கிறோம்." வாசலில் நின்று மேலே பார்த்தான். "அது இன்னா சத்தம்?"

"எலி. காத்தாலேர்ந்து பேஜாரு."

வண்டி போன பிறகு, பெயிண்ட் வாசனையும் ஈரச் சிமெண்டின் குளிர்ச்சியும் மாலை வெளிச்சத்தோடு சேர்ந்து மங்கிக்கொண்டிருந்த அந்தப் பின்னறையில் நின்றபோது, புதுமனை புகுந்த நாளன்று இதே இடத்தில் தலையை அண்ணாந்து நின்ற நாத்தனார் புஷ்பலதாவைத்தான் ஹேமலதா நினைத்தாள். பலகையைக் கண்ணாலேயே அளந்து முடித்த புஷ்பலதா, ஒன்றும் கேட்காமல், "அழகா கீதும்மா" என்று சிரித்தாள். அன்று ஹேமலதா கட்டியிருந்த அரக்குப் பட்டு அவள் நெய்து கொடுத்தது. ஹேமலதா அவள் முகத்தைப் பார்க்க முடியாமல் முந்தானையைச் சரிசெய்துகொண்டே நின்றாள். இப்போதும் காது மடல் சுட்டது.

மேலே சத்தம் வந்தது.

எலி ஓடும். இது ஓடவில்லை. எங்கோ ஒரு கால் தறி மிதியை அழுத்துகிறது. சடக்கென்று கொக்கிகள் எழும்புகின்றன. துளை போட்ட அட்டை ஒன்று சரிந்து அடுத்தது வந்து விழுகிறது. ஊடு நூல் கோத்த நாடா இந்தச் சுவரிலிருந்து அந்தச் சுவருக்குச் சர்ரென்று ஓடுகிறது. தளத்துக்கும் பலகைக்கும் நடுவே. நிமிர்ந்து உட்காரக்கூட முடியாத சந்தில்.

பட்டு நூலும் கஞ்சியும் கலந்த வாசனை இறங்கியது. புஷ்பலதா பக்கத்தில் வந்து உட்கார்ந்தால் வரும் வாசனை.

நடுவே விளக்குக்காக விட்டிருந்த சதுர ஓட்டை. கறுப்பாக.

அதிலிருந்து ஓர் இழை தொங்கியது.

அரக்கு நிறம்.

இன்னொன்று. இன்னொன்று.

போன் அடித்தது. கோபிநாத். அழுதுகொண்டிருந்தான்.

"ஹேமா... கதவ ஒடச்சிதான் உள்ள போனோம். அக்கா தறி மேலயே சாஞ்சிகினு கீறாங்க. சில்லுனு ஆயிட்டாங்க ஹேமா. காத்தாலயே போயிருக்காங்க."

மேலே சத்தம் நின்றது.

காதில் அவன் அழுகை. கண் ஓட்டையில்.

இழைகளை இரண்டு விரல்கள் ஒதுக்கின.

ஒரு முகம். பக்கவாட்டில் படுத்த முகம். ஒரு கன்னம் தளத்தில் நசுங்கி, மறு கன்னம் பலகையில் நசுங்கி. அதில் அன்றைய அதே சிரிப்பு. கோபமே இல்லை.

"எனக்கு எடம் பத்துது ஹேமா. பலகையப் பிரிக்க வேணாம்னு தம்பிகிட்ட சொல்லிடும்மா."