மாமியார் வாய் மூடிய நாள்

அந்தத் தொலைபேசி எண்ணுக்கு யாராவது கூப்பிட்டுப் பதினோரு வருடம் ஆகியிருந்தது. கம்பெனியை மூடிய அன்று ஆறு மேஜைகளையும் அச்சு இயந்திரத்தையும் எடைக்குப் போட்டாயிற்று. எண்ணை மட்டும் 'நிதானம்' என்று எல்லாரும் கூப்பிடுகிறவர் தன் பெயருக்கு மாற்றிக்கொண்டார். "எதுக்கு அத்தான் இந்த வெட்டி வேலை?" என்று அவருடைய மைத்துனி 'அரைமணி' கேட்டுப் பார்த்தாள்.  அவர் பதில் சொல்லாமல் விட்ட கேள்விகளை எழுதினால் ஒரு நோட்டுப் புத்தகம் நிரம்பும்.

இருவருக்கும் அந்தக் கம்பெனியில் வைத்த பெயர்கள்தான் இன்றுவரை ஒட்டிக்கொண்டிருக்கின்றன. எந்த வேலையைக் கொடுத்தாலும் "அரை மணி நேரம் குடுங்க" என்பாள், மூன்று நாள் ஆக்குவாள். அதனால் அவள் அரைமணி. தீப்பிடித்தாலும் செருப்பை மாட்டிக்கொண்டுதான் வெளியே வருவார். அதனால் அவர் நிதானம். பக்கத்து மேஜைக்காரராக இருந்தவருக்குத் தன் அக்காவைக் கட்டி வைத்ததே அவள்தான். இப்போது இருவருக்கும் தலை நரைத்துவிட்டது. சைக்கிள் கடைக்கு மேல் இரண்டு மேஜை போட்ட ஓர் அறையில், ஊரார் எழுதிய கம்ப்யூட்டர் புரோகிராம்களில் பிழை கண்டுபிடித்துக் கொடுக்கிறார்கள்.

காலையில் போன் செய்தவர் பதினோரு மணிக்கு நேரில் வந்துவிட்டார். ஐம்பத்தைந்து வயதிருக்கும். சலவைச் சட்டை, கண்கள் தூங்கி நாலு நாள் ஆனவை. தடுப்பூசி மருந்துக் கிடங்கில் காப்பாளர்.

"எங்க கம்ப்யூட்டர் திரையில அடியில இந்த நம்பர் இருந்துச்சு சார். உயிரோட இருக்கும்னு நினைக்கவே இல்ல" என்றார்.

"உக்காருங்க. மொதல்ல தண்ணி குடிங்க" என்றார் நிதானம்.

கிடங்குக்காரர் சொன்ன கதை இதுதான். கிடங்கில் எட்டுக் குளிர் அறைகள். எதிலாவது சூடு ஏறினால் கம்ப்யூட்டர் அலாரம் அடிக்கும்; அந்தப் புரோகிராமை எழுதியது இவர்களுடைய பழைய கம்பெனி. போன வியாழக்கிழமை மதியம் மூன்றாம் அறையின் கதவு ரப்பர் விட்டுப்போய், உள்ளே பதினாலு டிகிரிக்கு ஏறிவிட்டது. அடிக்கவேண்டிய நேரத்தில் அலாரம் அடிக்கவில்லை. நானூறு குழந்தைகளுக்குப் போகவேண்டிய மருந்து வீண். பதிவேட்டைத் திறந்து பார்த்தால், ஒன்றே முக்காலுக்கு அலாரம் 'ஆஃப்', இரண்டரைக்கு மறுபடி 'ஆன்'. அலாரத்தை அணைக்கும் சாவி ஒன்றே ஒன்று. அது அவர் கழுத்தில் தொங்குகிறது.

"அந்த நேரத்துல நான் தனியாத்தான் சாப்பிட்டுட்டு இருந்தேன். நான் தொடல, அதுவா போச்சு, அதுவா வந்துச்சுன்னா யார் நம்புவாங்க? தூங்கறதுக்காக அணைச்சேன்னு மேலதிகாரி முற்றத்துல எல்லா டிரைவருக்கும் முன்னாடி சொல்லிட்டாங்க. நாளைக்குப் பத்து மணிக்கு விசாரணை. வேலை போயிடும். போகட்டும் சார். இருபத்தாறு வருஷம் காவல் காத்தவனைத் தூங்கினான்னு சொன்னாங்களே, அதைத்தான் தாங்க முடியல."

அரைமணிக்கு அதற்குமேல் பொறுக்கவில்லை. "கரண்ட் போயிருக்கும். இல்லன்னா எலி ஒயரைக் கடிச்சிருக்கும். அரை மணி நேரம் குடுங்க, நான் கண்டுபிடிக்கிறேன்."

"கரண்ட் போனா பதிவேடே எழுதாது. எலி கடிச்ச ஒயர் ரெண்டரைக்குத் தானா ஒட்டிக்காது" என்றார் நிதானம். கிடங்குக்காரர் பக்கம் திரும்பினார். "இப்படி ஆனது போன வாரம் மட்டும்தானா?"

அவர் தலை குனிந்தது. "பழசைப் புரட்டிப் பார்த்தாங்க. கடைசி நாலு வியாழக்கிழமையும் மதியம் ஆஃப் ஆகியிருக்கு. அதுக்கு முன்னாடி இருபத்திமூணு வருஷத்துல ஒரு தடவைகூட இல்ல. நாலு வாரமா தூங்கறேன்னு முடிவே பண்ணிட்டாங்க."

"வியாழக்கிழமை மட்டும் கிடங்குல என்ன நடக்கும்?"

"வெள்ளிக்கிழமை விடியக்காலைல வேன் கிளம்பும். அதுக்காக ஐஸ் அறைல குளிரை நிறுத்திட்டு, ஐஸ் பேக்கை எல்லாம் எடுத்துப் பரப்பி வைப்போம். கல்லு மாதிரி இருக்கிற ஐஸோட மருந்தை வெச்சா மருந்து உறைஞ்சு கெட்டுடும். அதனால மேல தண்ணி துளிர்க்கிற வரைக்கும் விட்டு, அப்புறம்தான் பெட்டில அடுக்குவோம்."

"ஒரு மாசத்துக்கு முன்னாடி ஏதாவது மாத்தினீங்களா?"

"ஒண்ணும் இல்லையே." கொஞ்சம் யோசித்தார். "ஐஸ் அறைக்குப் புதுசா ஒரு சென்சார் போட்டாங்க. கதவு மேல டயல்ல காட்டும், நான் நோட்டுல எழுதுவேன். கம்ப்யூட்டர்ல அது வராது. எலக்ட்ரீஷியன் அந்த ஒயரையும் பெட்டில காலியா இருந்த ஒன்பதாவது துளைல சொருகிட்டுப் போனார், அவ்வளவுதான்."

நோட்டை வாங்கி வைத்துக்கொண்டு, நாளை வருவதாகச் சொல்லி அவரை அனுப்பினார் நிதானம். பிறகு அலமாரியின் அடித்தட்டைத் திறந்தார். பழைய கம்பெனி எழுதிய புரோகிராம் நிரல்கள் எல்லாம் குறுந்தகடுகளில் பத்திரமாக இருந்தன. அட்டை உறைகளில் அக்காவின் கையெழுத்து. கல்யாணமான புதிதில் ஞாயிற்றுக்கிழமைகளில் வந்து உட்கார்ந்து எழுதிக் கொடுத்தது. அரைமணி ஓர் உறையைக் கையில் எடுத்தவள் கீழே வைக்க மனமில்லாமல் நின்றாள். அந்த ஆறு மேஜை, தடதடவென்று கூரையே அதிர அச்சடிக்கும் இயந்திரம், ஒரே மின்விசிறிக்கு நடந்த சண்டை எல்லாம் மொத்தமாக வந்து நெஞ்சில் உட்கார்ந்தன.

"மாமியாரைக் கூப்பிடலாமா?" என்றார் நிதானம்.

மாமியார் என்பது ஒரு கருவி. கறுப்புத் திரையில் அதன் பெயரை அடித்து, நிரலின் பெயரை அடித்து, எண்டரைத் தட்டினால் போதும். நிரலை ஓட்டிப் பார்க்காமலே ஒவ்வொரு வரியாகப் படித்து, எந்த வரியில் என்ன கோளாறு என்று பட்டியல் போடும். எதை எழுதினாலும் குறை சொல்லும் என்பதால் அந்தப் பெயர். கம்பெனியில் ஒரு கட்டுப்பாடு இருந்தது. ஒரு நிரலை வெளியே அனுப்பும் நாளில் மாமியார் 'குறைகள்: 0' என்று சொல்லவேண்டும், அந்தச் சீட்டை அச்சடித்துக் கோப்பின் முதல் பக்கத்தில் ஒட்டவேண்டும், அதுவரை எழுதினவர் வீட்டுக்குப் போகக்கூடாது. எத்தனை சாயங்காலங்கள் அந்தச் சைபருக்காகத் தவம் கிடந்திருக்கிறார்கள் இருவரும்.

திரையில் எழுத்துகள் ஓடி நின்றன. குறைகள்: 0.

அரைமணிக்குச் சப்பென்று ஆகிவிட்டது. "போச்சு. புரோகிராம்ல தப்பே இல்ல. பாவம், அந்த மனுஷன் தூங்கித்தான் இருக்கார்."

"இருபதாயிரம் வரி. அவசரத்துல எழுதினது. அதுல மாமியாருக்கு ஒரு குறைகூடத் தெரியல" என்றார் நிதானம். "நீ எந்த மாமியாரையாவது இவ்வளவு நல்லவங்களா பார்த்திருக்கியா?"

"இல்ல."

"அப்ப யாரோ வாயைப் பொத்தியிருக்காங்க."

மாமியாரின் வாயைப் பொத்த வழி உண்டு. ஒரு வரிக்கு மேலே 'இதைப் பார்க்காதே' என்று ஒரு குறிப்பு எழுதிவிட்டால், அந்த வரியில் என்ன இருந்தாலும் அது கண்டுகொள்ளாது. நிதானம் மறுபடி கட்டளையை அடித்தார். இந்தத் தடவை, பொத்தச் சொல்லும் எந்தக் குறிப்பையும் மதிக்காதே என்று கூடவே ஒரு சொல்லையும் சேர்த்தார்.

அறுபத்துமூன்று குறைகள் கொட்டின. அரைமணி ஒவ்வொன்றாகத் தள்ளினாள். பெயர் வைத்துவிட்டுப் பயன்படுத்தாமல் விட்டவை முப்பது. எழுதிய விதம் சரியில்லை என்ற முணுமுணுப்புகள் முப்பத்திரண்டு. எல்லாம் சின்னச் சின்ன நொட்டைகள். எந்தக் கம்பெனியிலும் பொத்திவைப்பவைதான். மிச்சம் இருந்தது ஒன்று. 'எட்டு இடம் உள்ள பட்டியலில் ஒன்பதாவது இடத்தில் எழுதப்படுகிறது.'

நிதானம் அந்த வரியைத் திறந்தார். அது அவர் எழுதியது. மேலே 'இதைப் பார்க்காதே' என்ற குறிப்பு இருந்தது. பக்கத்தில், 'திங்கட்கிழமை பார்க்கலாம்' என்று இரண்டு வார்த்தையும், ஒரு தேதியும்.

தேதியைப் பார்த்ததும் அரைமணிக்கு அந்த நாள் ஞாபகம் வந்தது. அன்று மதியம் அக்காவுக்கு வலி கண்டுவிட்டது. ஆஸ்பத்திரியிலிருந்து இரண்டு தடவை போன். நிரலைக் கிடங்குக்கு அன்றே அனுப்பியாகவேண்டும். மாமியாரோ ஒரே ஒரு குறையைச் சொல்லிக்கொண்டு அசைய மறுத்தது. மேஜையைவிட்டு எழுந்திருக்காமல் முகம் வெளுத்து உட்கார்ந்திருந்தார் இந்த மனிதர். அவர் முகம் கழுவப் போன நேரத்தில் அவள் அந்தக் குறிப்பை எழுதினாள். "சைபர் வந்துடுச்சு அத்தான், கிளம்புங்க" என்று பையைக் கையில் கொடுத்துத் தள்ளிவிட்டாள். அரை மணி நேர வேலைதானே, திங்கட்கிழமை வந்து சரிசெய்துவிடலாம் என்றுதான் நினைத்தாள். திங்கட்கிழமை அவள் அக்கா மகளைத் தொட்டிலில் போட்டு ஆட்டிக்கொண்டிருந்தாள், குறிப்பை மறந்தே போனாள்.

"நான்தான் மூடியிருப்பேன். ஞாபகம் இல்ல" என்றார் நிதானம், திரையைப் பார்த்தபடியே.

எதையும் மறக்காத மனிதர். தன் மகள் பிறந்த தேதியைப் பார்த்துக்கொண்டு, ஞாபகம் இல்லை என்கிறார். அரைமணி குறுந்தகட்டை எடுத்து அக்கா எழுதிய உறைக்குள் போட்டாள். 

மறுநாள் பத்து மணிக்குக் கிடங்கு அலுவலகத்தில் நான்கு பேர். மேலதிகாரி நேரத்தைப் பார்த்துக்கொண்டே இருக்கிற அம்மாள். நிதானம் முதலில் சாவியைக் கழற்றி மேஜை நடுவில் வைக்கச் சொன்னார். பிறகு, ஐஸ் பேக்குகளை வழக்கம்போல ஐஸ் அறையில் பரப்பச் சொன்னார்.

"இதுக்கும் அலாரத்துக்கும் என்ன சம்பந்தம்?" என்றார் மேலதிகாரி.

"அது உருகுற வரைக்கும் சொல்றேன் மேடம். நான் எழுதின புரோகிராம்ல எட்டு அறைக்கு எட்டு நாற்காலி போட்டேன். ஆனா கூப்பிடும்போது கணக்குத் தப்பி, ஒன்பது பேரைக் கூப்பிட்டுட்டேன். ஒன்பதாவது ஆளுக்கு இடம் இல்ல. அவன் போய்ப் பக்கத்துல இருந்த இன்னொரு நாற்காலில உக்காந்துட்டான். அது அலாரத்தோட நாற்காலி. அதுல சைபர் உக்காந்தா அலாரம் ஆஃப். வேற எந்த எண் உக்காந்தாலும் ஆன்."

"இத்தனை வருஷம் ஏன் ஒண்ணும் ஆகல?"

"ஒன்பதாவது துளைல ஒயரே இல்லையே. ஒயர் இல்லாத துளை தொண்ணூத்தொன்பதுன்னு சொல்லும். அதனால எப்பவும் ஆன். போன மாசம் அங்க ஐஸ் அறை ஒயரைச் சொருகினாங்க. ஐஸ் அறை எப்பவும் சைபருக்குக் கீழ, மைனஸ்ல இருக்கும்; அப்பவும் ஆன்தான். வியாழக்கிழமை மட்டும் குளிரை நிறுத்தி ஐஸைப் பரப்புறீங்க. ஐஸ் உருகற நேரம் பூரா சைபர்லயே நிக்கும். முழுக்க உருகினாத்தான் மேல ஏறும், இல்ல பேக்கை எடுத்துட்டுக் குளிரைப் போட்டா திரும்ப இறங்கும். இவரோட நோட்டைப் பாருங்க. நாலு வியாழக்கிழமையும், பதிவேட்டுல ஆஃப்னு இருக்கிற அதே நேரத்துக்கு, இவர் கையால சைபர்னு எழுதியிருக்கார். தூங்கிட்டிருந்தவர் எப்படி எழுதுவார்?"

மேலதிகாரி நோட்டை வாங்கி, பதிவேட்டோடு வைத்து, ஒவ்வொரு வரியாக விரல் வைத்துப் பார்த்தார்.  கதவு மேல் டயல் மைனஸ் மூன்று காட்டியது. பிறகு இரண்டு. பிறகு ஒன்று. நான்கு பேரும் கையைக் கட்டிக்கொண்டு நின்றார்கள். டயல் சைபருக்கு வந்தது. கம்ப்யூட்டரில் அலாரத்தின் பச்சை விளக்கு அணைந்தது. சாவி மேஜை நடுவில் அப்படியே கிடந்தது.

கிடங்குக்காரர் சுவரில் சாய்ந்து முகத்தைத் துடைத்துக்கொண்டார்.

"இந்தத் தப்பு அப்ப நீங்க சரிபார்க்கும்போதே தெரிஞ்சிருக்கணுமே?" என்று கேட்டார் மேலதிகாரி. "அறிக்கைல யார் பேரை எழுதறது?"

"எழுதினது நான். தெரிஞ்ச தப்பை மூடினதும்..." என்று நிதானம் தொடங்கினார்.

"மூடினது நான்" என்றாள் அரைமணி. "அவர் அந்த நேரத்துல மேஜையில இல்ல, முகம் கழுவப் போயிருந்தார். எங்க அக்காவுக்குப் பிரசவம். அவரைச் சீக்கிரம் ஆஸ்பத்திரிக்கு அனுப்பணும்னு நான்தான் மூடினேன். சரிபண்ணணும்னு நினைச்சு மறந்துட்டேன். என் பேரை எழுதுங்க."

நிதானம் அவளை ஒரு தடவை பார்த்தார். 

கிடங்குக்காரர் அவளிடம் கேட்டார். "குழந்தை நல்லபடியா பொறந்துச்சா?"

"பொறந்தா. நல்லா இருக்கா. அக்காதான் இப்ப இல்ல." அவள் அவருக்கு நேராகத் திரும்பினாள். "உங்களை நாலு நாள் தூங்கவிடாம பண்ணிட்டேன் அண்ணே. மன்னிச்சிடுங்க."

அவர் மன்னித்தேன் என்று சொல்லவில்லை. மேலதிகாரி விசாரணைத் தாளில் கையெழுத்துப் போட்டு, "நீங்க வேலைக்குத் திரும்பலாம்" என்றார்.

"முற்றத்துல சொன்னீங்க மேடம்" என்றார் கிடங்குக்காரர். "இதையும் முற்றத்துல சொல்லணும்."

மேலதிகாரி தயங்கினார். அரைமணி அதற்குள் கதவைத் திறந்துவிட்டாள். வெளியே வேன்களைக் கழுவிக்கொண்டிருந்த டிரைவர்கள் ஏழெட்டுப் பேர் நிமிர்ந்து பார்த்தார்கள். கிடங்குக்காரர் படியில் வந்து நின்றார். அவர் பக்கத்தில் போய் நின்று, வாளித் தண்ணீர் சத்தம் அடங்கும்வரை பொறுத்து, எல்லாருக்கும் கேட்கும்படி அவள் சொன்னாள்.

"இவர் தூங்கல. அலாரத்தை அணைச்சது நான். இருபத்திமூணு வருஷத்துக்கு முன்னாடி அணைச்சேன்."