யாரும் கேட்காத சிப்

“யாருமே கேக்கலைன்னா, யாருக்குமே வேண்டாம்னு அர்த்தமாம்மா?”

பக்கத்தில் உட்கார்ந்து திரையைப் பார்த்துக்கொண்டிருந்த மகள் அன்று இப்படித்தான் கேட்டாள். “பின்ன என்னடி?” என்று மகளிடம் சிரித்தபடியே அவள் அந்த ஒரு வரியை அழித்தாள்.

மூச்சுவிட முடியாதவர்கள் வீட்டில் வைத்துக்கொள்ளும் கருவிகளுக்கு மென்பொருள் எழுதுவது அவள் வேலை. நான்கு வகை சிப்புக்கும் தனித்தனியாக உருவாக்குவதிலேயே பொழுது போய்விடும். அதில் ஒரு பழைய சிப்புக்கானதை மட்டும் வருடக்கணக்காக எந்தக் கருவியும் கேட்டு வாங்கவில்லை.

“காலி வீட்டுக்கு எவனாவது விளக்கு ஏத்துவானா? வெட்டி விடும்மா” என்றார் மேலாளர். அந்தச் சிப்புக்கான வரியைத்தான் அவள் அழித்தாள்.

வீடு காலியில்லை. அந்தப் பழைய கருவிகள் அணைந்து மறுபடி எழும்போதுதான் மென்பொருளைக் கேட்கும். அணையவே இல்லை, அதனால் கேட்கவும் இல்லை. இது தெரிந்தவர், அவற்றை வடிவமைத்த, அலுவலகத்தில் அவள் ‘அண்ணே’ என்று கூப்பிடும் மூத்தவர் ஒருவர்தான். அவள் மகள் கைக்குழந்தையாய்க் காய்ச்சலில் கிடந்தபோது, “நீ வீட்டுக்குப் போ தங்கச்சி” என்று அவள் வேலையையும் தானே செய்துவிட்டு, யாரிடமும் வாய் திறக்காதவர். நுரையீரல் கெட்டபின் அதே கருவியோடு வீட்டில் படுத்துவிட்டார். வெட்டுமுன் ஒரு போன் போட்டிருக்கலாம். ஒரு வார்த்தை கேட்டிருக்கலாம்.

போன வாரம் அவர் தெருவில் மின்சாரம் போய் வந்தது. கருவி எழுந்தது. கேட்டது. கொடுக்க இங்கே ஒன்றுமில்லை.

அவர் காரியம் முடிந்ததும், அண்ணி அந்தக் கருவியைக் கொண்டுவந்து மேசையில் வைத்தாள். “எல்லாத்தையும் என் தங்கச்சி பாத்துக்குவான்னு பெருமை பேசுவாரு. நீயே வச்சுக்கோ.”

இன்று விடுமுறை. ஆளில்லாத அலுவலகத்தில் ஏசியின் முனகலும், மேசைமேல் கிடந்த முகமூடியிலிருந்து கிளம்பிய ரப்பர் வாடையும், அதற்குள் மக்கிப்போன மருந்து நெடியும் சேர்ந்து அவள் தொண்டையில் இறங்கிக்கொண்டிருந்தபோது, திரையில் ஒரு வரி வந்தது. பழைய சிப். மென்பொருள் வேண்டும். கொஞ்ச இடைவெளி. மறுபடி அதே வரி. மறுபடி.

கருவி எண்ணைப் பார்த்தாள். மேசையில் இருப்பதன் எண்.

அதன் வயர் சுருட்டிக் கட்டப்பட்டிருந்தது.

வரிகள் நெருங்கி நெருங்கி வந்தன. மூச்சு வாங்குகிறவனைப் போல. விட்டு விட்டு. திணறித் திணறி.

“அண்ணே...”

வரிகள் மட்டும்.

அழித்த வரியைத் திரும்ப எழுதினாள். யாரும் சொல்லவில்லை. யாரும் பார்க்கவுமில்லை. பழைய சிப்புக்கு மென்பொருள் உருவாகி முடிந்தது. போய்ச் சேர்ந்தது.

திரை அடங்கியது. அவள் கண்ணைத் துடைத்துக்கொண்டாள். இப்போதாவது கொடுத்தோமே.

மேசையில் மெல்லிய சீறல்.

முகமூடியின் உட்புறம் பனி படிந்தது. விலகியது. படிந்தது. விலகியது.

நிறுத்தலாம் என்றால், பிடுங்குவதற்கு வயர் எதிலும் செருகியே இல்லை.