மாட்டினவங்கதான் கழட்டணும்

பாரிவாக்கத்தில் புது அடுக்குமாடிகளுக்குப் பின்னால் ஒடுங்கிக் கிடந்தது அந்த ஓட்டு வீடு. மதிய வெயில் முதுகைப் பொசுக்க, எழில் கதவைத் தட்டினான். கோவில்பட்டிக்காரன், திருமழிசையில் தனியாக அறை எடுத்திருக்கிறான். ஜனங்கள் ஒரு நாளில் எவ்வளவு நடக்கிறார்கள், எவ்வளவு உட்கார்ந்தே கிடக்கிறார்கள் என்று அளக்கிற ஆய்வில் வேலை. தீப்பெட்டி அளவு கருவி தைத்த எலாஸ்டிக் பெல்ட்டைப் போன வாரம் கன்னியப்பனின் இடுப்பில் அவன்தான் மாட்டிவிட்டுப் போனான்.

கன்னியப்பனின் மனைவி சொர்ணம் கதவைத் திறந்தாள். அவன் உள்ளே வந்ததும் அது தானாகச் சாத்திக்கொண்டது.

"வா நைனா. எப்ப வருவேன்னு பாத்துகினே கீறேன்."

"ஐயா எங்கம்மா? பெல்ட்டைக் கழட்டிக்கிட்டு ஓடிருதேன்."

"அவுரு பூட்டாரு நைனா. வெள்ளிக்கெழம. மார்ல வலின்னாரு, அவ்ளோதான்."

எழில், "அந்த பெல்ட்டு..." என்று இழுத்தான்.

"நீதான சொன்ன? மாட்டுனவங்கதான் வந்து கய்ட்டணும், வேற யாரும் கை வெக்கக் கூடாதுன்னு. அதோடவே பொதச்சிட்டோம்."

ஒருத்தர் பெல்ட்டை இன்னொருத்தர் கட்டிக்கொண்டு கணக்கைக் கெடுத்துவிடக் கூடாதே என்று எல்லா வீட்டிலும் அவன் போடுகிற மிரட்டல் அது.

கையிலிருந்த போன் அதிர்ந்தது. பெல்ட் பக்கத்தில் இருந்தால் மட்டும் திரையில் ஒரு பச்சைக் கோடு ஓடும்.

ஓடிக்கொண்டிருந்தது.

ஏறி, இறங்கி, ஏறி. யாரோ நடக்கிற கோடு.

உள் அறையில் சரக், சரக் என்று கால் தேயும் சத்தம். தோண்டிய மண்ணின் ஈர வாடை.

எழில் பாய்ந்து வாசல் கதவை இழுத்தான். தாழ்ப்பாள் போடவில்லை. ஆனாலும் அசையவில்லை.

"உள்ள வரத்தான் தொறக்கும், வெளிய போவத் தொறக்காது," சொர்ணம் கிசுகிசுத்தாள். "பொதச்சிட்டு வந்ததுலேந்து என்னியும் வாசப்படி தாண்ட உட மாட்றாரு. நீ கய்ட்டி உட்டாதான் ரெண்டு பேரும் பொயப்போம்."

வேறு வழியில்லை. இருட்டறைக்குள் இரண்டு கையையும் நீட்டிக்கொண்டு நுழைந்தான். நடை அவனை நோக்கி வந்தது.

நின்றது.

விரலில் சில்லென்று ஒரு இடுப்பு பட்டது. தடவி, க்ளிப்பைக் கண்டுபிடித்து அமுக்கினான்.

க்ளிக்.

"தொறந்துகிச்சு நைனா! வா, வா!" சொர்ணம் தெருவிலிருந்து கத்தினாள்.

எழில் ஓடினான். வாசற்படியில் கால் எழவில்லை. இடுப்பை ஏதோ இறுக்கியது. குனிந்து பார்த்தான். சட்டைக்கு மேல் மண் அப்பிய பெல்ட். சுற்றிலும் தடவினான். க்ளிப் எங்கேயும் இல்லை.

சொர்ணம் வாயைப் பொத்திக்கொண்டாள்.

"ஐயோ... ஒனக்கு யாரு நைனா மாட்னது?"

அவளுக்குப் பக்கத்தில், கொதிக்கிற சிமென்ட் தரையில், ஈரக் காலடி ஒன்று பதிந்தது. அதற்கு முன்னால் இன்னொன்று. ரோட்டைப் பார்த்து.

"ஐயா! கழட்டிட்டுப் போங்கய்யா!"

தடங்கள் திரும்பவில்லை. கதவு மெல்லச் சாத்திக்கொண்டது.